கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பவளப்பாறை



செம்பனைக் குலை வெட்டும் குடும்பத்துக்கும் கடலடியில் வளரும் பவளப்பாறைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பிள்ளைகள் இப்பொழுது தோட்டத்திலேயே இருந்துவிடுவதில்லை. பட்டணத்துக்குப் போய் லாரி ஓட்டுகிறார்கள், தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார்கள், பெரிய பங்களாக்களில் பராமரிப்பு வேலைக்கும் போகிறார்கள். எங்கள் உறவில் ஒரு பையன் அப்படித்தான் போனான். போன இடத்தில் அவன் கையில் ஒப்படைக்கப்பட்டது ஒரு கடல்.

கடல் என்றால் கண்ணாடிக் கடல். எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம், இரண்டரை அடி உயரம். அதில் உப்பு நீர் நிரப்பி, பாறை அடுக்கி, உயிருள்ள பவளங்களையும் வண்ண மீன்களையும் வளர்க்கவேண்டும் என்பது முதலாளியின் ஆசை. புதுமனை புகுவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது தொட்டி வந்து சேர்ந்தது. விழாவன்று மீன் இல்லாமல் இருக்கலாமா? கடையில் வாங்கிய 32 மீன்களை மூன்றாம் நாளே விட்டார்கள். வந்த விருந்தினரின் பிள்ளைகள் கை நிறையத் தீனி அள்ளிப் போட்டு மகிழ்ந்தார்கள். ஆறாம் நாள் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பத்தாம் நாளில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. பையனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பிடித்தம்.

"மாமா, தண்ணி கண்ணாடி மாதிரி சுத்தமா இருந்துச்சு மாமா. மீன் ஏன் செத்துச்சுன்னே தெரியலை" என்று சொல்லிக்கொண்டு எங்களிடம் வந்தான்.

நாங்கள் மீன் வியாபாரிகள் அல்லர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தியவர்கள். ஆனால் அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. தண்ணீர் மிகவும் சுத்தமாக இருந்ததுதான் குற்றம். அதில் இருக்கவேண்டிய, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எவையும் இல்லை. அவனோடு உட்கார்ந்து இரண்டாம் முறை அந்தத் தொட்டியை முறையாகத் தொடங்கிய கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

முதலில், பவளம் என்பது என்ன? பார்த்தால் கல் போலவும் செடி போலவும் இருக்கும். உண்மையில் அது பிராணி. கடுகளவும் மிளகளவுமான சின்னஞ்சிறு பிராணிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்குக் கல்வீடு கட்டிக்கொள்கின்றன. அந்தப் பிராணியின் உடலுக்குள்ளே ஒருவகை நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைத்துப் பவளத்துக்குப் பங்கு கொடுக்கிறது. பவளம் அதற்கு இடமும் தன் கழிவிலிருந்து உரமும் கொடுக்கிறது. ஆகவே பவளத்துக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், ஓடும் நீர் வேண்டும், சுண்ணாம்பு வேண்டும், அழுக்கில்லாத நீர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இவை எவையும் நாளுக்கு நாள் மாறாமல் இருக்கவேண்டும். கடல் பெரியது, அதனால் மெதுவாக மாறுகிறது. தொட்டி சிறியது, அதனால் சட்டென்று மாறிவிடும். பெரிய தொட்டி கட்டுவதற்குக் காரணம் ஆடம்பரம் மட்டுமன்று. நீர் அதிகமாக இருந்தால் தவறு செய்தாலும் திருத்திக்கொள்ளச் சற்று நேரம் கிடைக்கும்.

ஆனால் நீர் அதிகம் என்றால் பாரமும் அதிகம். நாம் சொன்ன தொட்டி சுமார் 2,200 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று எல்லாரும் அறிவோம். உப்பு நீர் அதைவிடச் சற்றுக் கனம். கண்ணாடி, பாறை, இரும்புத் தாங்கி எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 3 டன். 20 கிலோ குலையாக எண்ணினால் 150 செம்பனைக் குலைகளை ஒரு கட்டில் அகலத்தில் குவித்து வைத்தது போல. மாடி வீட்டில் இதை வைக்க நினைப்பவர் முதலில் கட்டட நிபுணரைக் கேட்கவேண்டும். கீழ்த்தளமாக இருந்தாலும் தரை மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு மூலை இறங்கினால் கண்ணாடி தாங்காது.

அடுத்தது நீர். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. அதில் கிருமி கொல்லும் குளோரின் இருக்கிறது. செம்புக் குழாய் வழியாக வந்தால் செம்பும் கரைந்திருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்பு, இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். எனவே சவ்வு வடிகட்டியில் செலுத்திய தூய நீரை எடுத்து, அதில் கடலுப்புக் கலவையைக் கரைக்கிறார்கள். சமையல் உப்பு ஆகாது. கடல்நீரில் சோடியம் மட்டுமல்லாமல் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எனப் பல உப்புகள் குறிப்பிட்ட விகிதத்தில் இருக்கின்றன. லிட்டருக்கு 35 கிராம் என்பது கணக்கு. இந்தத் தொட்டிக்கு 80 கிலோ அளவில் உப்பு தேவைப்பட்டது.

உப்பு சரியா என்று எப்படி அறிவது? பால் ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு இது விளையாட்டு. வெளிக்காட்டிலிருந்து வாளியில் வந்த ரப்பர் பாலில் கிராணி மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, எவ்வளவு ரப்பர் என்று படித்துச் சொல்வாரே, அதே தத்துவந்தான். உப்பு நீரிலும் அப்படி ஒரு மிதவையை விட்டுப் பார்க்கலாம். ஒரு வேறுபாடு உண்டு. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே பாலில் ரப்பர் கூடினால் மெட்ரோலாக் கீழே இறங்கும். உப்பு தண்ணீரைக் கனமாக்குவது. ஆகவே உப்பு கூடினால் மிதவை மேலே எழும். பவளத் தொட்டியில் அது 1.025 என்ற கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். பையனின் தாத்தா பல வருடம் மெட்ரோலாக்கைச் சந்தேகத்தோடு பார்த்தவர். கிராணி கோட்டைக் குறைத்துப் படிக்கிறார் என்பது அவருடைய ஆயுட்காலப் புகார். பேரன் அதே மாதிரி ஒரு கருவியைக் கையில் பிடித்துப் படிப்பதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இன்னொரு நுட்பமும் உண்டு. தொட்டியிலிருந்து நீர் ஆவியாகும். இந்த அளவுத் தொட்டியில் நாளைக்கு 20 லிட்டர்கூடப் போய்விடும். நீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. எனவே குறைந்த மட்டத்தை நிரப்ப உப்பு நீர் ஊற்றினால் நாளடைவில் கரிப்பு ஏறிக்கொண்டே போகும். குறைவதை நல்ல நீரால்தான் நிரப்பவேண்டும். முதல் முறை பையன் செய்த தவறுகளில் இதுவும் ஒன்று.

வெப்பத்தைப் பற்றி நம் நாட்டில் தனியாகப் பேசவேண்டும். பவளத் தொட்டியை 25, 26 டிகிரியில் வைத்திருப்பது வழக்கம். நம் வீட்டுக் கூடம் பகலில் 31 டிகிரிக்குப் போகும். மேலே விளக்கு, உள்ளே நீர் ஓட்டும் பம்பு, இவற்றின் சூடு வேறு. குளிரூட்டும் இயந்திரம் இல்லாமல் நடக்காது. சூடு ஏறி அப்படியே நின்றால் பவளம் தன் உடலிலுள்ள பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுத்து நிற்கும். உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கும். சூடு தணியாவிட்டால் சாகும். கடலிலும் இதுவே நடக்கிறது. 2010ஆம் ஆண்டு நம் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் சில மாதங்கள் மூடி வைத்தது. 2024இல் உலகக் கடல்களில் மறுபடியும் பெரிய வெளுப்பு ஏற்பட்டதாக அறிவிக்கப்பட்டது. தொட்டிக்கு மின்சாரத்தால் குளிர் கொடுக்கலாம். கடலுக்கு அப்படிக் கொடுக்க ஆளில்லை.

இனிப் பாறைக்கு வருவோம். தொட்டியின் அழகுக்காகத்தான் பாறை என்று பலர் நினைக்கிறார்கள். பாறைதான் அந்தத் தொட்டியின் ஈரலும் சிறுநீரகமும். இதை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் தம் முறையை எழுதினார். அக்காலத்தில் மேல்நாட்டார் கடல்மீன் வளர்க்கப் பலவித வடிகட்டிகளையும் மருந்துகளையும் வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். பவளம் அவர்கள் தொட்டியில் நிற்கவே இல்லை. லீ சின் எங் கடலிலிருந்து உயிர் ஒட்டிய பாறைகளைக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தார், நல்ல வெளிச்சம் காட்டினார், காற்றுக் குமிழி விட்டார். அவ்வளவுதான். மீனும் பவளமும் வாழ்ந்தன. துவாரமுள்ள அந்தப் பாறைக்குள் குடியிருந்த நுண்ணுயிர்களே நீரைச் சுத்தம் செய்தன.

அது எப்படி நடக்கிறது? மீன் மூச்சுவிடும்போது செவுள் வழியாக அமோனியா வெளியாகிறது. தின்னாமல் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. அமோனியா கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் கலங்காது. ஆனால் மீனுக்கு நஞ்சு. அதுவும் கடல்நீர் காரத்தன்மை உள்ளது, அதில் அமோனியாவின் கொடிய வடிவம் மிகுதி. கண்ணாடி போலத் தெளிந்த நீரில் மீன்கள் வாயைத் திறந்து திறந்து செத்தது இதனால்தான்.

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர் அமோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் நல்லதன்று. வேறொரு வகை அதைத் தின்று நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. பாறையின் ஆழத்தில், காற்றுப் புகாத துளைகளுக்குள், மூன்றாவது வகை ஒன்று நைட்ரேட்டையும் உடைத்து வெறும் நைட்ரஜன் காற்றாக்கி மேலே அனுப்பிவிடுகிறது. நம் செம்பனை ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குட்டைகள் வரிசையாக இருக்குமே, நினைத்துப் பாருங்கள். முதல் குட்டையில் கறுப்பாக நாறும் நீர், ஒவ்வொரு குட்டையாகக் கடந்து கடைசியில் எவ்வளவோ தெளிந்து வெளியேறுகிறது. அங்கே வேலை பார்ப்பவை நுண்ணுயிர்களே. அவற்றுக்கு யாரும் செக்ரோல் எழுதுவதில்லை.

இந்தச் சிற்றுயிர்கள் போதுமான எண்ணிக்கையில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீனை விட்டால் சமையல்காரன் வருமுன் பந்தி உட்கார்ந்த கதைதான். முற்காலத்தில் விலை குறைந்த மீன் ஒன்றிரண்டை விட்டு, அவை தவித்துக்கொண்டிருக்கும்போதே நுண்ணுயிரை வளர்ப்பார்கள். இப்பொழுது அது தேவையில்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு துண்டு இறாலைப் போட்டு அழுகவிடலாம், அல்லது தூய அமோனியாவை அளந்து சொட்டவிடலாம். மீன் இல்லாமலே வேலை நடக்கும்.

இரண்டாம் முறை பையன் இதைத்தான் செய்தான். மிஞ்சிய இரண்டு மீன்களையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொட்டியைக் காலி செய்து, புதிதாக நீர் கலந்து, சுமார் 200 கிலோ பாறையை அடுக்கினான். கடலில் பெயர்த்த பாறை அன்று. கரையில் நிலத்துக்கடியில் கிடைக்கும் பழம் பாறை, துவாரம் நிறைந்தது. அதில் உயிர் எதுவும் இல்லாததால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு தொட்டியிலிருந்து சில கற்களை மட்டும் வாங்கி நடுவில் வைத்தான். தயிருக்கு உறை ஊற்றுவது போல.

அடுக்கியதை முதலாளி பார்த்தார். மீன் எப்போது என்றார். ஆறு வாரம் என்றான். சம்பளம் கொடுத்து வெறும் கல்லையும் தண்ணீரையும் பார்ப்பதா என்று அவர் கேட்டதும் இவனுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. வேலை போனாலும் போகட்டும், இன்னொரு முறை மீனைக் கொல்லமாட்டேன் என்று எங்களிடம் வந்து நின்றான். நாங்கள் சொன்ன யோசனை இதுதான்: ஒரு பெரிய காகிதத்தில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டு. நாள்தோறும் சோதனைச் சாயம் விட்டு அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றையும் பார்த்து மூன்று நிறத்தில் புள்ளி வை.

முதல் வாரம் சிவப்புப் புள்ளிகள் மேலே ஏறின. இரண்டாம் வாரக் கடைசியில் சிவப்பு இறங்க, நீலம் ஏறத் தொடங்கியது. முதலாளி முதலில் அந்தக் காகிதத்தைக் கவனிக்கவில்லை. பிறகு காலையில் கோப்பி குடிக்கும்போது அதன் முன் நின்று பார்க்கலானார். நான்காம் வாரம் அவரே, இன்றைக்கு நீலம் எங்கே என்று கேட்டாராம். ஐந்தாம் வாரம் முடியுமுன் சிவப்பும் நீலமும் அடியைத் தொட்டன. பச்சை மட்டும் மேலே நின்றது. அதுவே நைட்ரேட்.

நைட்ரேட் என்றால் நமக்குத் தெரியாததா? உர மூட்டையில் இருப்பதில் ஒன்று அதுதான். உரம் இருந்தால் களை வரும். தொட்டியில் முதலில் காப்பிப்பொடி தூவியது போலப் பழுப்புப் பாசியும், பிறகு முடி போன்ற பச்சைப் பாசியும் வந்தன. லாலாங் புல் வந்த காட்டில் உரம் போட்டுக்கொண்டே புல்லைப் பிடுங்குவது வீண்வேலை, உரத்தைக் குறைக்கவேண்டும். நீரில் பாதியை மாற்றினான். அதோடு ஸ்கிம்மர் என்கிற நுரைக் கருவியையும் ஓட்டினான். பருப்பு வேகும்போது மேலே நுரை கட்டுமல்லவா? அதை நம் தாய்மார்கள் கரண்டியால் வழித்து எறிவார்கள். அதே வேலைதான். நீருக்குள் நுண்ணிய குமிழிகளைச் செலுத்தினால், பிசுபிசுப்பான கழிவுகள் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறி, ஒரு கிண்ணத்தில் வழிகின்றன. கிண்ணத்தில் சேர்வது தேயிலைச் சாறு நிறத்தில் நாற்றத்தோடு இருக்கும். அழுகி அமோனியா ஆகுமுன்னே ஓரளவு அழுக்கு வெளியே போய்விடுகிறது.

பாசி வந்த பிறகு, அதைத் தின்னும் நத்தைகளையும் சிறு துறவி நண்டுகளையும் விட்டான். தொட்டியின் முதல் குடிகள் அவையே. எட்டாம் வாரத்துக்குப் பிறகு மீன். ஒரே நாளில் கூட்டமாக அன்று. நுண்ணுயிர்களின் எண்ணிக்கை கிடைக்கும் உணவுக்கு ஏற்றபடிதான் இருக்கும். திடீரென்று பத்து மீன் கூடினால் அவை ஈடுகொடுக்க முடியாது. எனவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றிரண்டாக. அமைதியான சிறு மீன்கள் முதலில், சண்டைக்காரர்கள் கடைசியில். முதலில் வந்த மீன் அந்த இடம் முழுவதும் தன்னுடையது என்று பட்டா போட்டுக்கொள்ளும். டாங் என்னும் வட்டமான பாசிதின்னி மீனை முதலில் விட்டால், பிறகு வருகிற ஒவ்வொன்றையும் அது வாலடி முள்ளால் கீறிவிடும். பெரிய தொட்டியில் பாறைக்கு நடுவே போன மீனை மறுபடி பிடிக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பிடிக்கவேண்டுமானால் 200 கிலோ பாறையையும் வெளியே எடுக்கவேண்டும்.

அதைவிட முக்கியம், எந்த மீனும் நேராகப் பெரிய தொட்டிக்குள் போகக்கூடாது என்பது. தனியாக ஒரு சிறு தொட்டியில் குறைந்தது ஒரு மாதம் வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கடல்மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய் ஒரு மீனில் வந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். அதற்கு மருந்து செம்பு. செம்போ பவளத்தைக் கொல்லும் என்று முன்பே சொன்னோம். ஆகையால் பவளத் தொட்டிக்குள் நோய் புகுந்துவிட்டால், எல்லா மீன்களையும் வெளியே எடுத்து, நோய்க்கிருமி உண்ண மீனில்லாமல் சாகும்வரை பத்துப் பதினொரு வாரம் தொட்டியைக் காலியாக வைக்க நேரும்.

எந்த மீனை வாங்குவது? இதில்தான் முதலாளிகளுக்கும் வேலைக்காரருக்கும் இழுபறி வரும். வண்ணத்துப்பூச்சி மீன் மிக அழகு. ஆனால் அவற்றில் பல வகை பவளத்தையே கொத்தித் தின்பவை. மாண்டரின் என்று ஒரு மீன், பட்டுச்சேலை போல இருக்கும். அது பெரும்பாலும் பாறையில் ஊரும் நுண்ணிய பூச்சிகளைத்தான் உண்ணும். புதுத் தொட்டியில் அந்தப் பூச்சிகள் இரா. பசியால் மெலிந்து சாகும். எதை வாங்குகிறோம் என்பதோடு, அது எப்படிப் பிடிக்கப்பட்டது என்பதையும் கேட்கவேண்டும். 1960களில் பிலிப்பீன்சில் தொடங்கிய ஒரு கெட்ட பழக்கம், சயனைடு விஷத்தைப் பாறை இடுக்கில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிப்பது. மீன் கடைக்கு வரும்போது நன்றாகவே தோன்றும், பிறகு ஈரல் கெட்டுச் சாகும். அந்த இடத்துப் பவளமும் சாகும். அந்த விஷத்தோடு முக்குளிப்பவரும் நம்மைப் போன்ற ஏழைத் தொழிலாளிதான்.

இன்று கோமாளி மீன் போன்றவற்றைப் பண்ணையில் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். சுலவேசி அருகே பாங்காய் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழ்ந்த ஒரு கறுப்பு வெள்ளைக் கோடிட்ட மீன் உண்டு. ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள் அடைகாக்கும். அளவுக்கு மீறிப் பிடித்ததால் அது அழியும் நிலைக்கு வந்து, 2007இல் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்ந்தது. அதையும் இப்பொழுது தொட்டியிலேயே பெருக்குகிறார்கள். பையன் வாங்கிய முதல் மீன்கள் பண்ணைக் கோமாளி மீன் ஒரு ஜோடி. விலை சற்றுக் கூடுதல். ஆனால் தொட்டி வாழ்க்கைக்கும் தொட்டித் தீனிக்கும் பழகியவை.

பவளம் கடைசியில் வருகிறது. மூன்று மாதம் ஆன பிறகு எலும்பில்லாத மென்பவளங்கள், ஆறு மாதம் ஓராண்டு கழித்துக் கல்கட்டும் பவளங்கள். பவளம் வளர வளர நீரிலுள்ள சுண்ணாம்பு குறையும். கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியம் உண்டு. அதைக் குறையாமல் காக்க ஒரு பழைய வழி, சுண்ணாம்பு நீர். 1970களில் பீட்டர் வில்கென்ஸ் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் ஐரோப்பாவில் இதைப் பரப்பினார். தூய சுண்ணாம்பை நல்ல நீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவது. ஆவியாகும் நீரை நிரப்பியதுமாயிற்று, பவளத்துக்கு உணவுமாயிற்று. எங்கள் வீட்டுப் பாட்டி இதைக் கேட்டுவிட்டு, வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக் கொடுக்கட்டுமா என்றார். அது ஆகாது. அதில் வேறு கலப்புகள் உண்டு. மேலும் சுண்ணாம்பு நீர் கடுங்காரம், ஒரே மூச்சில் ஊற்றினால் எல்லாம் சாகும்.

ஒருநாள் ஒருவர், தீவிலிருந்து எடுத்துவந்த பவளம் இருக்கிறது, கடை விலையில் கால்பங்கு, இரவில் கொண்டுவருகிறேன் என்றாராம். பையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நேயர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி கடல் பூங்கா எல்லைக்குள் பவளத்தை எடுப்பதும் சேதப்படுத்துவதும் குற்றம். ரெடாங், தியோமான், பாயார் முதலிய பல தீவுகளைச் சுற்றியுள்ள கடல் அத்தகைய பூங்கா. கல்கட்டும் பவளத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். கல்வி உலாவில் கடற்கரைக்குப் போகும் நம் பிள்ளைகள் நினைவுக்காக ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் இதில் அடங்கும். தொட்டிக்கு வேண்டிய பவளத்தை இன்று பதியம் போட்டே பெருக்கலாம். ஒரு கிளையை வெட்டிக் கல்லில் ஒட்டிவைத்தால் அது தனியே வளரும், மரவள்ளிக் குச்சி ஊன்றுவது போல.

இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு செய்தி. பொத்தானைப் போல விரிந்து கொத்தாக வளரும் சில பவள உறவினங்களில் பாலிடாக்சின் என்னும் மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்ய வெந்நீர் ஊற்றுவதோ, கொதிக்கவைப்பதோ, வறண்ட பின் சுரண்டுவதோ கூடவே கூடாது. ஆவியை முகர்ந்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவு இருக்கிறது. கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். கையில் காயம் இருந்தால் அன்று தொட்டிக்குள் கை விடக்கூடாது. உப்பு நீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் கருவி பொருத்தியிருக்கிறதா என்று கேட்டபிறகே வேலையை ஒப்புக்கொள்ளவேண்டும். மின்கம்பி சுவர்ச் செருகிக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிப் பிறகு மேலே ஏறவேண்டும், வழியும் நீர் வளைவில் சொட்டிவிடும். அந்தப் பங்களாவில் முதலில் இரண்டுமே இல்லை.

மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும், நீரில் உயிர்க்காற்று குறையும். ஒரு புயல் இரவில் நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்புகள் மூன்றைப் பையன் முன்னமே வாங்கி வைத்திருந்தான். அவற்றை ஓடவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தானாம். முதலாளியும் கைவிளக்கோடு இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். ஒரு மீனும் சாகவில்லை.

லயத்து வீட்டிலும் அடுக்குமாடி வீட்டிலும் இருக்கும் நமக்கு இத்தகைய தொட்டி கட்டுப்படியாகாது, வேண்டியதுமில்லை. பிள்ளைகள் மீன் வளர்க்க ஆசைப்பட்டால் நன்னீர்த் தொட்டி போதும். ஆனால் முதல் மாதக் கணக்கு அங்கேயும் இதேதான். தண்ணீரைப் பிடித்து, கல்லும் மணலும் போட்டு, நுண்ணுயிர் பெருகக் காத்திருந்து, பிறகு இரண்டே மீன் விடுங்கள். விரும்பினால் சுவரில் ஒரு காகிதமும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பையன் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறான். தொட்டிக்கு மூன்று வயதாகிறது. பிடித்த இரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு மாதத்தை முதலாளி தீபாவளிக்குத் திருப்பிக் கொடுத்தார். மற்ற மாதத்தைப் பற்றி இன்னும் பேச்சு வரவில்லை. கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறோம்.